மயங்கிய பிறகு கயிற்றை யார் இழுப்பது? மூச்சடக்கி முக்குளிப்பவர்களுக்கான ஊதும் வெஸ்ட்

நான் முதலில் வாங்கிய வெஸ்ட்டில் மார்பின் இடப்பக்கம் கயிற்றோடு ஒரு சிவப்புக் கைப்பிடி இருந்தது. அதை இழுத்தால் உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பி துளைபட்டு, சில நொடிகளில் வெஸ்ட் உப்பிவிடும். வீட்டில் பத்துத் தடவையாவது கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கைப்பிடியைத் தேடிப் பிடித்துப் பழகினேன். அந்த வெஸ்ட்டை அணிந்திருந்தபோதுதான் எனக்குத் தண்ணீருக்குள் நினைவு தப்பியது.

22 மீட்டர் ஆழம் வரை போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் வெளிச்சம் அகலமாகிக்கொண்டே வந்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, காதருகே என்னோடு முக்குளிக்க வரும் துணை "மூச்செடு, மூச்செடு" என்று சொல்லிக்கொண்டிருந்த குரல். நடுவில் நடந்ததை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 4 மீட்டர் ஆழத்தில் என் கால்கள் நின்றுவிட்டன, தலை தொங்கியது, மெல்ல மூழ்கத் தொடங்கினேன். அவர் இறங்கி வந்து தாடையைப் பிடித்து மேலே கொண்டுவந்தார். சிவப்புக் கைப்பிடி இருந்த இடத்திலேயே இருந்தது. என் கை அதன் பக்கம் போகவே இல்லை.

அதனால் வெஸ்ட் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மயங்கிய பிறகு கயிற்றை யார் இழுப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டுதான் எந்த வெஸ்ட் வாங்குவது, எப்படி அணிவது, எதை நம்பலாம் என்பதையெல்லாம் முடிவு செய்ய வேண்டும்.

ஏன் முன்னெச்சரிக்கை வருவதில்லை

மூச்சடக்கி இறங்கும்போது தண்ணீரின் அழுத்தம் நுரையீரலில் உள்ள ஆக்சிஜனையும் அழுத்துகிறது. 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. ஆக்சிஜன் குறைந்துகொண்டே வந்தாலும் அந்த அழுத்தம் அதை ரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். அடியில் இருக்கும்வரை தெம்பாகவே உணர்வோம். மேலே வரும்போது கதை மாறிவிடுகிறது. கடைசி 10 மீட்டரில் அழுத்தம் பாதியாகக் குறைகிறது, ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளும் அதன் பகுதி அழுத்தமும் கூடவே சரிகிறது. மயக்கங்களில் பெரும்பாலானவை இந்தக் கடைசித் தூரத்திலோ, மேலே வந்து மூச்செடுத்த முதல் சில நொடிகளிலோ வருவது இதனால்தான்.

மூச்சுக்காக உடல் தவிப்பது ஆக்சிஜன் குறைவதால் அல்ல, பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு கூடுவதால். இறங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சுவிட்டுக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிவிட்டால், ஆக்சிஜன் தீரும் நேரம் வந்தும் தவிப்பு வராது. விளக்கை அணைத்த மாதிரி நினைவு போகும். எந்த வெஸ்ட்டாலும் இதைத் தடுக்க முடியாது. இறங்குவதற்கு முன் நிதானமாக மூச்சுவிடுங்கள், மேலே வந்து போதுமான நேரம் ஓய்வெடுங்கள். முங்கியிருந்த நேரத்தைப் போல இரு மடங்கு ஓய்வு என்பதை நான் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறேன், ஆழம் கூடினால் ஓய்வையும் கூட்டிக்கொள்வேன்.

எந்த வகை

கடையில் ஊதும் அங்கிகள் பல இருக்கும். நம் வேலைக்கு ஆகாத வகையை முதலில் சொல்லிவிடுகிறேன். படகுக்காரர்கள் அணியும் தானியங்கி உயிர்காப்பு அங்கிகளில் தண்ணீர் பட்டால் கரையும் சிறு வில்லையோ, சில சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தத்தில் திறக்கும் வால்வோ இருக்கும். படகிலிருந்து தவறி விழுபவருக்கு அவை உயிர்காக்கும் சாதனம். முக்குளிப்பவர் அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் தலையை விட்டாலே வெடுக்கென்று உப்பிவிடும். அதே அங்கியின் 'கைமுறை' வடிவமும் விற்பனைக்கு வரும், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வாங்கும்போது இயக்கும் பகுதியைத் திறந்து, வில்லையோ வால்வோ உள்ளே இல்லை என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கைப்பிடி இழுக்கும் வகை. என் முதல் வெஸ்ட் இதுதான். இதைக் குறைசொல்ல மாட்டேன். நினைவு இருக்கும்போது வரும் சிக்கல்களுக்கு, அதாவது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால், காலில் மாட்டும் துடுப்பான ஃபின் கழன்றுவிட்டால், அடியில் எதிர்பார்த்ததைவிட நேரம் போய்விட்டால் இது கைகொடுக்கும். மேலே வந்தபின் மிதந்தபடி ஓய்வெடுக்கவும் உதவும். மயக்கத்துக்கு இது பதில் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வகையில் ஒரு சிறு கணினி இருக்கும். நேரத்தையும் ஆழத்தையும் நாமே அமைத்துக்கொள்ளலாம். அந்த வரம்பைத் தாண்டினால் குப்பி தானாகத் துளைபடும். கடலில் ஈட்டியால் மீன்பிடிப்பதில் பெயர்பெற்ற அமெரிக்கர் டெர்ரி மாஸ் இந்த யோசனையை ஒரு முழுமையான வெஸ்ட்டாகக் கொண்டுவந்தவர். தனியாக மீனைத் துரத்திக்கொண்டு போகும்போது நேரம் மறந்துபோகும் என்பது அந்த ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த வகை விலை அதிகம், பேட்டரியைக் கவனிக்க வேண்டும், எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆனால் நான் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதில்தான் இருக்கிறது.

இந்த மூன்றாவது வகையை வாங்கியவர்களில் சிலர் துணை இல்லாமல் போகத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. வெஸ்ட்டால் உங்களை மேலே கொண்டுவர மட்டுமே முடியும். முகத்தைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்தி, முகமூடியைக் கழற்றி, மூச்சைத் திரும்பக் கொண்டுவர ஒரு மனிதர் வேண்டும்.

குப்பியில் எத்தனை கிராம்

பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. 1 கிராம் கார்பன் டை ஆக்சைடு மேற்பரப்பில் அரை லிட்டருக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். அப்படியானால் 16 கிராம் குப்பி சுமார் எட்டரை லிட்டர். ஒரு லிட்டர் வாயு கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தூக்கும். எட்டரைக் கிலோ தூக்கும் சக்தி என்றால் தாராளம் என்று தோன்றும். ஆனால் அது மேற்பரப்புக் கணக்கு. 10 மீட்டரில் அது நான்கேகால் லிட்டராகிவிடும், 20 மீட்டரில் மூன்றுக்கும் கீழே, 30 மீட்டரில் இரண்டு லிட்டர்தான் தேறும்.

இப்போது உங்கள் உடம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டரில் மிதக்காமலும் மூழ்காமலும் நிற்கும்படி ஈய எடை கட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்பில் 6 லிட்டர் இருந்த நுரையீரல் 10 மீட்டரில் 3 லிட்டர், 30 மீட்டரில் ஒன்றரை. அதிலேயே ஒன்றரைக் கிலோ கனம் கூடிவிட்டது. குளிர் தாங்க அணியும் நுரை ரப்பர் உடையான வெட்சூட்டும் நசுங்கி மெலியும், தடிமனைப் பொறுத்து அதில் இன்னும் ஒரு கிலோ போகலாம். ஆக 30 மீட்டரில் இரண்டரைக் கிலோ கனத்தில் இருக்கும் உங்களை இரண்டு கிலோ தூக்கும் வாயு மேலே கொண்டுவராது. 38 கிராம் குப்பி என்றால் அதே ஆழத்தில் ஐந்து லிட்டர் வரும், அது தூக்கும்.

10 மீட்டருக்குள் விளையாடுபவருக்கு 16 கிராம் போதும். 20 மீட்டரைத் தாண்டுபவர் 33 அல்லது 38 கிராம் குப்பிக்கென்றே செய்த வெஸ்ட்டைப் பாருங்கள். சிறிய குப்பிக்கான வெஸ்ட்டில் பெரிய குப்பியைத் திணிக்கப் பார்க்காதீர்கள். மரை அளவே வேறாக இருக்கலாம். பொருந்தினாலும் வாயு நிறையும் உள்பை தாங்காது. 38 கிராம் என்றால் மேலே வந்தபின் இருபது லிட்டர். அந்த வாயு போக வழி வேண்டும். அதனால் வெஸ்ட்டில் மிகை அழுத்தம் தானாக வெளியேறும் வால்வு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆழத்திலிருந்து ஊதியபடி மேலே வரப்போகும் வெஸ்ட்டில் அந்த வால்வு இல்லாமல் முடியாது.

வேகமாக மேலே வந்தால் நுரையீரல் வெடிக்காதா என்று காற்று உருளையோடு முக்குளிக்கும் ஸ்கூபா பழகியவர்கள் கேட்பார்கள். மேற்பரப்பில் எடுத்த ஒரே மூச்சோடு போனவரின் நுரையீரல் திரும்பி வரும்போது பழைய அளவுக்குத்தான் விரியும், அதைத் தாண்டாது. ஆனால் கீழே இருக்கும் ஸ்கூபாக்காரரின் குழாயிலிருந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டால் கணக்கே வேறு. அப்படி ஒருபோதும் செய்யாதீர்கள்.

எடையைச் சரிசெய்யாமல் வெஸ்ட் போடாதீர்கள்

அன்று 4 மீட்டரில் நான் மூழ்கியதற்கு ஒரே காரணம் நான் கட்டியிருந்த கூடுதல் எடை. சுலபமாக இறங்க வேண்டும் என்று ஒன்றரைக் கிலோ அதிகம் போட்டிருந்தேன். அதைப் போடாமல் இருந்திருந்தால், நினைவில்லாமலே மிதந்து மேலே வந்திருப்பேன். செலவே இல்லாத பாதுகாப்பு அது.

இதைச் சோதிப்பது எளிது. வெஸ்ட் உட்பட எல்லாவற்றையும் அணிந்து, வெஸ்ட்டில் இருக்கும் காற்றையெல்லாம் பிழிந்து எடுத்துவிட்டு, மேற்பரப்பில் செங்குத்தாக நில்லுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விடுங்கள். தலை தண்ணீருக்கு மேலேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் ஈயத்தைக் குறையுங்கள். வெஸ்ட்டுக்குள் கொஞ்சம் காற்று தங்கியிருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும், அதனால் வாயால் ஊதுவதற்கான வாய்க்குழாயைத் திறந்து முழுக்கச் சுருட்டிப் பிழியுங்கள்.

எடை பெல்ட்டின் பூட்டு வெஸ்ட்டின் எந்தப் பட்டைக்கும் அடியில் போகக் கூடாது. பெல்ட்டைக் கழற்றினால் அது நேராகக் கீழே விழ வேண்டும். கழுத்தில் எடை கட்டும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை: அந்த எடை மிதக்கும் நேரத்தில் தலையைக் கீழே இழுக்கும், வெஸ்ட் செய்ய வேண்டிய வேலைக்கு எதிராக நிற்கும். அந்த எடையையும் கட்டிக்கொண்டு கட்டாயம் சோதித்துப் பாருங்கள்.

அணிவதும் சோதிப்பதும்

வெட்சூட்டுக்கு மேல்தான் வெஸ்ட், உள்ளே அல்ல. மார்புப் பட்டையை இறுக்கும்போது நெஞ்சு நிறைய மூச்செடுத்துக்கொண்டு, பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு முஷ்டி போகிற அளவு விடுங்கள். உப்பிய வெஸ்ட் நெஞ்சை நெரித்தால், மேலே வந்தபின் மிகவும் தேவைப்படும் முதல் மூச்சே அரைகுறையாகிவிடும். அதே நேரம் வெட்சூட் ஆழத்தில் மெலிவதால் வெஸ்ட் தளரும். தளர்ந்த வெஸ்ட் உப்பினால் காதுவரை ஏறிக்கொண்டு, உடம்பு கீழே தொங்கும். தொடைக்கு நடுவே போகும் பட்டை இதற்காகத்தான் இருக்கிறது. அசௌகரியம் என்று அதைக் கழற்றி வைக்காதீர்கள்.

அப்புறம் குளத்துச் சோதனை. குளத்தில் துணையை அருகில் நிறுத்திக்கொண்டு, முழு உடையோடு, வெஸ்ட்டை வாயால் ஊதி நிரப்புங்கள். முகம் தண்ணீருக்குள் இருக்கும்படி, உடம்பைத் துவளவிட்டுக் கிடந்து பாருங்கள். ஐந்து நொடி. வெஸ்ட் உங்களைத் திருப்பிப் போடுகிறதா? வெட்சூட் அணிந்த கால்கள் மிதக்கும், ஃபின்களும் உடம்பு திரும்புவதைத் தடுக்கும். படகு அங்கி விளம்பரங்களில் காட்டுகிற மாதிரி மல்லாக்கப் புரள்வது நமக்கு உறுதி இல்லை. என்னை என் வெஸ்ட் பாதிதான் திருப்புகிறது, பக்கவாட்டில் கிடப்பேன். இது தெரிந்ததால்தான் என் துணை நான் மேலே வந்த பிறகும் கண்ணை எடுப்பதில்லை.

வரம்புகளை அமைப்பது

கணினி வெஸ்ட் வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, தங்கள் சாதனை நேரத்தை வரம்பாக வைப்பது. உங்களால் மூன்று நிமிடம் மூச்சடக்க முடியும், இன்று ஒன்றரை நிமிட முங்குதல்தான் திட்டம் என்றால், வரம்பு ஒன்றரைக்கு மேல் 15 நொடி. அதற்கு மேல் வேண்டாம். வரம்பை மூன்று நிமிடத்தில் வைத்தால், 1 நிமிடம் 25 நொடியில் மயங்கியவர் வெஸ்ட் திறக்கும் வரை ஒன்றரை நிமிடத்துக்கு மேல் அடியில் கிடப்பார். ஆழத்துக்கும் இதே முறை, திட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர். மயங்கி மூழ்குபவரை அது சீக்கிரம் பிடித்துவிடும்.

இப்படி இறுக்கமாக வைத்தால் எப்போதாவது தேவையில்லாமல் உப்பும். ஒரு குப்பி வீணாகும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது, இரண்டு முறையும் நான் திட்டத்தை மீறியிருந்தேன்.

குகை, உடைந்த கப்பல், பனிப்படலம், படகின் அடி என்று தலைக்கு மேல் கூரை இருக்கும் எந்த இடத்திலும் தானியங்கி வெஸ்ட் வேண்டாம். கூரையில் உங்களை ஒட்டவைத்துவிடும்.

எப்போது இழுப்பது, இழுத்த பிறகு

நினைவோடு இருக்கும்போது சிக்கல் வந்தால் என் வரிசை இது: முதலில் பெல்ட், அப்புறம் கைப்பிடி. கழற்றிய ஈயம் எந்த ஆழத்திலும் அதே அளவு பலன் தரும், பழுதாகாது, காலாவதி ஆகாது. வாயு அப்படி இல்லை. வலது கை பெல்ட்டுக்கு, இடது கை கைப்பிடிக்கு என்று பழகி வைத்திருக்கிறேன். யோசித்துக்கொண்டிருக்காமல் இழுங்கள். 'இன்னும் ஐந்து தடவை காலை அடித்துப் பார்க்கலாம்' என்ற எண்ணம்தான் இருக்கிற ஆக்சிஜனைத் தின்னும்.

வெஸ்ட் உப்பியதும் காலை அடிப்பதை நிறுத்துங்கள். ஒரு கையைத் தலைக்கு மேல் நீட்டி, மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே வர வர வாயு விரிந்து வேகம் கூடும், பயப்பட வேண்டாம். தலை வெளியே வந்ததும் நுரையீரலை முழுக்கக் காலிசெய்யாமல், கொஞ்சம் விட்டு, வேகமாக இழுத்து, ஒரு நொடி பிடித்து, மறுபடி அதையே செய்யுங்கள். நெஞ்சு இறுக்கினால் வாய்க்குழாய் வழியாகக் கொஞ்சம் வாயுவை வெளியேற்றலாம். ஆனால் அந்தக் குழாயில் வாய் வைத்து மூச்சு இழுக்காதீர்கள், உள்ளே இருப்பது கார்பன் டை ஆக்சைடு. முன்பே வாயால் ஊதி நிரப்பிய வெஸ்ட்டில் குப்பியையும் வெடிக்கவிடக் கூடாது, தையல் பிய்ந்துகொள்ளும்.

துணையாக இருப்பவருக்கு: வெஸ்ட் உப்பிய ஆள் மேலே வந்தால் அவர் மயங்கியிருக்கிறார் என்றே எடுத்துக்கொண்டு நெருங்குங்கள். முகத்தைத் தூக்கி, முகமூடியைக் கழற்றி, கண்ணைச் சுற்றி ஊதி, கன்னத்தைத் தட்டி, பெயரைச் சொல்லி மூச்செடுக்கச் சொல்லுங்கள். பத்து நொடிக்குள் மூச்சு வரவில்லை என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரிந்தாலும் 30 நொடி பார்வையை விலக்காதீர்கள். மயங்கி எழுந்தவர் அன்று மறுபடி இறங்கக் கூடாது.

குப்பியை எடைபோடுங்கள்

2002 அக்டோபர் 12 அன்று டொமினிக்கன் குடியரசில் பிரெஞ்சு முக்குளிப்பு வீராங்கனை ஆட்ரி மெஸ்ட்ரே 171 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப முடியாமல் இறந்தார். அவரை மேலே தூக்க வேண்டிய பையை நிரப்பும் உருளையில் போதிய காற்று இல்லை. அது வேறு வகை முக்குளித்தல், வேறு கருவி. ஆனால் ஒவ்வொரு முறை குப்பியைக் கையில் எடுக்கும்போதும் அது எனக்கு நினைவுக்கு வருகிறது.

குப்பியின் உடலில் அதன் மொத்த எடை அச்சிடப்பட்டிருக்கும். சமையலறைத் தராசில் வைத்து ஒப்பிடுங்கள். அச்சிட்டதைவிடக் குறைவாகக் காட்டினால் தூக்கிப் போடுங்கள். குப்பியின் வாய்ப்பகுதியில் துளை இருக்கிறதா, துரு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். குப்பி கைக்கு இறுக்கமாக மரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். படகு அதிர்வில் அது மெல்ல மெல்லக் கழலும், கால் சுற்று தளர்ந்தாலே குப்பியைத் துளைக்க வேண்டிய ஊசி துளைக்காமல் போகலாம். நான் ஒவ்வொரு முறை கரையை விட்டுக் கிளம்பும்போதும் திருகிப் பார்க்கிறேன்.

பயன்படுத்திய பின் புதுக் குப்பி மாட்டும்போது வரிசை முக்கியம். பழையதைக் கழற்றி, கைப்பிடி இழுத்த நெம்புகோலை முதலில் மேலே தள்ளி, பச்சை அடையாளம் தெரிகிறதா என்று உறுதிசெய்த பிறகுதான் புதியதைத் திருக வேண்டும். நெம்புகோல் கீழே இருக்கும்போது திருகினால் ஊசி புதுக் குப்பியை அப்போதே துளைத்துவிடும். நான் ஒருமுறை இந்த வரிசையை மாற்றியதால் உறைந்த வாயு விரல்நுனியைச் சுட்டது.

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். பாதி ஊதி நிழலில் உலர்த்துங்கள். மாதம் ஒருமுறை வாயால் விறைப்பாக ஊதி இரவு முழுக்க வைத்து, காலையில் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் நிற்கும் காரில் குப்பிகளை விட்டுவைக்காதீர்கள். விமானத்தில் போவதானால், வெஸ்ட்டில் பொருத்திய இரண்டு சிறு குப்பிகளும் உதிரியாக இரண்டும் கொண்டுபோக விதிகளில் இடமுண்டு, ஆனால் விமான நிறுவனத்தின் அனுமதியை முன்பே வாங்கிவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று, தண்ணீரில் இறங்கியதும் செய்வது. நானும் என் துணையும் எதிரெதிரே மிதந்துகொண்டு, அவர் என் குப்பியைத் திருகிப் பார்ப்பார், கைப்பிடியைத் தொட்டுப் பார்ப்பார், நான் அமைத்திருக்கும் நேரத்தையும் ஆழத்தையும் என்னைக் கேட்காமல் திரையில் பார்த்து உரக்கப் படிப்பார். அவருடையதை நான் படிப்பேன். "ஒன்று நாற்பத்தைந்து, இருபத்தைந்து மீட்டர், சரி" என்று அவர் சொன்ன பிறகுதான் நான் மூச்சை நிதானப்படுத்தத் தொடங்குவேன்.